சைக்கிளின் முன்பக்கச் சுமை: நெடும்பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடும்பயணம் புறப்படுகிறவர்களில் பலர், பின் கேரியரில் இடம் தீர்ந்த பிறகு மிஞ்சியதையெல்லாம் ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். முன்பக்கச் சுமை, கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் கூடவே திரும்புகிற சுமை. ஆகவே அது எத்தனை கிலோ என்பதோடு, எந்த உயரத்தில், திரும்பும் அச்சுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

பூட்டு, கருவிகள், தண்ணீர் ஆகியவற்றை ஹேண்டில்பார் பையில் திணிப்பதே நான் அதிகம் காணும் தவறு. கைப்பிடிக்கு முன்னால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கிலோ, மெதுவாக ஏற்றம் ஏறுகையில் சக்கரத்தை இப்படியும் அப்படியும் இழுப்பதால், வண்டியை நேராக வைத்திருப்பதற்கே தோள் கடுத்துவிடும். அந்தப் பைக்குக் கேமராவும் மழைக்கோட்டும் போதும். கனமானவற்றை, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவட்டையின்) இருபுறமும் சக்கர அச்சுக்குச் சற்று மேலே அமையும் தாழ்வான கேரியரில் மாட்டும் பைகளில், இரு பக்கமும் சம எடையாகப் பிரித்து வைக்க வேண்டும். கைப்பிடி சற்று மந்தமாகத் திரும்பினாலும், இறக்கத்தில் வண்டி நிதானமாக ஓடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பையைக் கட்டிய பின் தொங்கும் வார். பின்சக்கரத்தில் வார் சிக்கினால் பெரும்பாலும் வண்டி இழுபட்டு நின்றுவிடும். முன்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டாலோ ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். வாரின் மிச்ச முனையைச் சுருட்டி உள்ளே செருகிவிட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, கைப்பிடியை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். பையின் கீழ்க்கொக்கி கேரியர் கம்பியைப் பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள்; பிடிக்காவிட்டால் ஒரு குழியில் இறங்கியதும் பை உள்பக்கமாக வீசி ஆரக்கம்பிகளில் உரசும்.

ஃபோர்க்கில் கேரியரை மாட்டுவதற்கான போல்ட் துளை இல்லாதபோது கவ்வி போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எஃகு ஃபோர்க்கில் அது பொதுவாகப் பொருந்தும். கார்பன் ஃபோர்க்கில், தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால், கூடவே கூடாது. துளை இருந்தாலும் அதற்கென்று ஓர் எடை வரம்பு உண்டு: மூன்று துளை கொண்ட ஃபோர்க்குகள் பலவற்றில் அது ஒரு பக்கத்துக்கு 3 கிலோதான். கேரியரைப் பிடிக்கும் 5 மில்லிமீட்டர் போல்ட்டுகள் அதிர்வில் தளர்பவை என்பதால், பயணத்தின் முதல் நாள் மாலையிலேயே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் அவற்றை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பை பிரேக் கேபிளை மடக்கக் கூடாது, விளக்கையும் மறைக்கக் கூடாது. சுமை கூடிய அளவுக்கு முன் டயரின் காற்றையும், டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், கூட்ட வேண்டும்.

சுமையேற்றிய வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நகர்ந்தால், முன்சக்கரம் தானே திரும்பி, வண்டி உருண்டு விழும். முன் பிரேக் பிடியை அழுத்தி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால், சக்கரம் உருளாமல் நிற்கும்.