பயிற்சித்தாளில் க்யூஆர் கோடு: சொதப்பாமல் செய்வது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் விரைவுக் குறியீடுகளை (க்யூஆர் கோடு) தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான காணொலிகள் திறக்கும். ஆசிரியர் தாமே தயாரிக்கும் பயிற்சித்தாளிலும் இதைச் செய்யலாம். கோடு இருக்கும் கட்டத்தை உருவாக்க ஒரு நிமிடம் போதும். கோளாறு வருவது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் இணைப்பிலும், ஜெராக்ஸ் கடையிலும்தான்.

ஒரு செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்கும் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்வோம். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்கினால் 2 நிமிடப் பதிவு சுமார் 1 எம்பிதான் வரும்; வீட்டில் டேட்டா குறைவாக இருந்தாலும் ஓடும். கூகுள் டிரைவில் ஏற்றியதும், பகிர்வில் 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கலாம் என்று மாற்றுங்கள். இதை மறந்தாலும் உங்கள் போனில் திறக்கும், அதில் உங்கள் கணக்கு இருப்பதால். மாணவர் வீட்டில் அனுமதி கேட்டு நின்றுவிடும். அதனால் சோதனையை வேறொருவர் போனில் செய்யுங்கள். பதிவில் பிழை இருந்தால் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள், இணைப்பு மாறிவிடும். அதே கோப்பில் புதிய பதிப்பாக ஏற்றினால் அச்சான கோடு அப்படியே வேலை செய்யும்.

கட்டத்தை குரோம் உலாவியிலேயே உருவாக்கலாம். 'டைனமிக்' கோடு தரும் தளங்களில் ஒரு கண் இருக்கட்டும்: ஸ்கேன் முதலில் அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் உங்கள் இணைப்புக்குத் திரும்பும். இலவசக் காலம் முடிந்தால், அச்சடித்த தாள் அத்தனையும் வீண். நேரடி இணைப்பைப் பொதிந்த கோடு காலாவதி ஆவதில்லை.

இணைப்பு நீளமானால் புள்ளிகள் பொடியாகும். நடுத்தரப் பிழைதிருத்த நிலையில் (கோட்டில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்க உதவும் ஏற்பாடு இது) 62 எழுத்து வரை 33×33 கட்டத்தில் அடங்கும்; 213 எழுத்துக்கு 57×57 வேண்டும். தமிழ் உரையை நேரடியாகப் பொதிவதில் இன்னொரு வம்பு: 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். அதையே இணைய முகவரிக்குள் வைத்தால் 45 குறிகளாக நீளும். கோப்புப் பெயர் தமிழில் இருக்கலாம், முகவரி வேண்டாம்.

கையில் பிடித்துப் பார்க்கும் தாளுக்கு 3 செ.மீ. சதுரம் சரி. சுவரொட்டிக்குத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு: 2 மீட்டருக்கு 20 செ.மீ. சுற்றிலும் நான்கு புள்ளி அகலத்துக்கு வெள்ளை விளிம்பு கட்டாயம். இடம் பத்தவில்லை என்று அதை வெட்டினால் கேமராவுக்குக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படத்தை வாட்ஸ்ஆப்பில் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஓரங்கள் மங்கும். மடிப்பு விழும் இடத்தில் வைக்காதீர்கள். பளபளக்கும் லேமினேஷன் டியூப்லைட்டைப் பிரதிபலித்துக் கோட்டை மறைக்கும். நூறு பிரதி எடுக்கும் முன், முதல் ஜெராக்ஸ் பிரதியையே ஸ்கேன் செய்து பாருங்கள். கோட்டுக்குக் கீழே 'வாசிப்பு ஒலி, 2 நிமிடம்' என்று எழுதினால் பெற்றோருக்கும் புரியும்.

மாணவரிடம் போன் இல்லாத வகுப்பென்றால் தலைகீழாக யோசிக்கலாம். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறாரோ அதுவே விடை. ஆசிரியர் தம் ஒரே போனால் வகுப்பு முழுவதையும் ஸ்கேன் செய்துவிடலாம். கட்டைவிரல் மட்டும் கறுப்புக் கட்டத்தை மறைக்கக் கூடாது.