மனச்சோர்வில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது: காத்திருப்பதிலிருந்து தொடங்குங்கள்

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், மொழிக்கு மொழி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சராசரி 200 மில்லி விநாடிதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்குச் சுமார் 600 மில்லி விநாடி வேண்டும். கணக்கு இடிக்கிறதா? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே நிறுத்துவார் என்று ஊகித்து, நம் பதிலையும் தயார் செய்துவிடுகிறோம்.

மனச்சோர்வு வந்தால் பலருக்கு இந்த வேகம் குறைந்துவிடும், பேச்சு மெதுவாகும், இடைவெளி நீளும். நாமோ அதை “பேச விருப்பமில்லை போல” என்று படித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போடுகிறோம். போடாதீர்கள். முதல் கேள்விக்கே அவர் பாதி பதிலைக் கோத்துக்கொண்டிருப்பார், எல்லாம் கலைந்துவிடும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஐந்து என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் வந்த எண் இல்லை, என் அனுபவக் கணக்கு, முதல் தடவை அது ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

காத்திருப்பது என்றால் சிலை மாதிரி உட்காருவது இல்லை. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார்: குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் அசைவே இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு “ம்”, ஒரு தலையாட்டல், அது போதும்.

அப்புறம், “எல்லாம் சரியாயிடும்” போன்ற தயார் வசனங்கள். 1985-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் இரண்டு மாதக் குழந்தைகளும் அம்மாக்களும் டிவித் திரை வழியாக நேரலையில் கொஞ்சிக்கொண்டார்கள், நன்றாகவே போனது. அதே அம்மாவின் அதே கொஞ்சலைப் பதிவாகப் போட்டபோது குழந்தைகள் கலங்கின. பின்னாளில் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பதிவு போட்ட ஆறுதல் எப்படி இருக்கும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். அவர் இப்போது சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கேளுங்கள்: “தூக்கம் வரலன்னு சொன்னீங்களே, ராத்திரி பூராவுமா?” சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம், தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஆட்டிசம் உள்ளவரிடம் கதை வேறு. 2020-ல் ஒரு கதையை ஆள்மாற்றி ஆள் சொல்ல வைத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் மற்றவர்களைப் போலவே நன்றாகக் கடத்தினார்கள். இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் சிந்தின. அதாவது கோளாறு ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

வீடியோ கால் என்றால் முதலில் நெட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிக்னல் தாமதமானால் அவருடைய மௌனம் எது, நெட்டின் மௌனம் எது என்று பிரிக்கவே முடியாது. பேசாமல் நேரில் போய்விடுங்கள்.