காஸ்ஃபோர்த் சிலுவையை எத்தனை மணிக்குப் பார்ப்பது?

இங்கிலாந்தின் கம்பிரியாவில் உள்ள காஸ்ஃபோர்த் ஊருக்கு நான் முதலில் போனது ஒரு மார்ச் மாதக் காலை, 8 மணிக்கு. சிலுவையின் கிழக்கு முகத்தில் வெயில் நேராக விழும், செதுக்கல் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். புனித மேரி தேவாலயத்தின் கல்லறைகளுக்கு நடுவே 4.4 மீட்டர் உயரத்தில் ஒல்லியான செம்மணற்கல் தூண் நின்றது. மேலே ஏதோ சொரசொரப்பு. அவ்வளவுதான்.

10ஆம் நூற்றாண்டிலிருந்து மழையில் தேய்ந்துவரும் கல் அது. நேர் வெளிச்சம் விழுந்தால் சப்பையாகிவிடும். வெயில் கல்லை உரசிக்கொண்டு போனால்தான் பள்ளங்களில் நிழல் விழும். கிழக்கு முகத்துக்கு அந்த நேரம் உச்சிக்குச் சற்று முன்னால், மேற்கு முகத்துக்கு உச்சி தாண்டியதும். கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைப்பதால் இங்கே உச்சிப்பொழுது 1.15 வாக்கில்தான் வரும், ஏமாந்துவிடாதீர்கள்.

அன்று காத்திருந்தேன். 11.30க்கு மேல் முதலில் ஒரு தாடை தெரிந்தது. அப்புறம் அதற்குள் மிதித்த கால், மேல்தாடையைத் தள்ளும் கை. ராட்சத ஓநாய் ஃபென்ரிரின் வாயைக் கிழிக்கும் கடவுள் விதார்! அதற்குக் கீழே, அதே முகத்தில், கை விரித்த கிறிஸ்து. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கதையும் பைபிளும் ஒரே கல்லில். மேற்கு முகத்தில் கட்டுண்டு கிடக்கும் லோகியைத் தேடுங்கள், அதே வைக்கிங் கதைகளில் வரும் சூழ்ச்சிக்காரன். பாம்பின் விஷம் அவன்மேல் சொட்டாமல் மனைவி சிகின் கிண்ணம் ஏந்தியிருப்பாள்.

வடக்கு முகத்துக்குக் கோடையின் அதிகாலை, அந்திப்பொழுது தவிர வெயில் கிட்டாது. டார்ச்சை முன்னால் பிடிக்காதீர்கள், கல்லுக்குப் பக்கவாட்டில், ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கூட ஒருவர் கறுப்புக் குடையால் பகல் வெளிச்சத்தை மறைத்தால் இன்னும் துலங்கும். மேகமூட்டமான நாளிலும் இதே வழிதான்.

கோடுகள் தெரியவில்லையே என்று பாசியைச் சுரண்டுவது, சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. பாசியோடு கல்லின் மேல்தோலும் உரிந்து வந்துவிடும். தவிர, இது சட்டப் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

ரயிலில் வருவதானால் சீஸ்கேலில் இறங்கி இரண்டரை மைல் நடக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால், கம்பிரியாவில் அது நடக்கும், தேவாலயத்துக்குள் போய்விடுங்கள். பன்றி முதுகு போல வளைந்த இரண்டு வைக்கிங் கல்லறைக் கற்கள் உள்ளே இருக்கின்றன; அவற்றுக்கு வெயில் தேவையில்லை.