உரிமையியல் வழக்கில் ஜூரி விசாரணையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

20 டாலருக்கு மேற்பட்ட தொகை குறித்த பொதுச்சட்ட (நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வளர்ந்த சட்டம்) வழக்குகளில் ஜூரி, அதாவது உண்மைகளைத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு, முன் விசாரணை பெறும் உரிமை காக்கப்படும் என்று அமெரிக்க அரசியலமைப்பின் 7-ஆவது திருத்தம் 1791 முதல் உறுதியளித்து வருகிறது. இவ்வளவு அரிய உரிமையும், உரிய நேரத்தில் கேட்காதவரின் கையை விட்டுப் போய்விடும்.

முதலில், வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்று பாருங்கள். இத்திருத்தம் கூட்டாட்சி நீதிமன்றங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1916-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில நீதிமன்றமானால் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பையும் விதிகளையும் படிக்க வேண்டும்.

அடுத்து, நீங்கள் கோரும் நிவாரணத்தைக் கவனியுங்கள். பண இழப்பீடு கேட்டால் பொதுவாக ஜூரி உண்டு. தடையுத்தரவு மட்டும் கேட்டால் நீதிபதியே முடிவு செய்வார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, இரண்டுக்கும் பொதுவான உண்மைகளை ஜூரியே முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் பீக்கன் தியேட்டர்ஸ் தீர்ப்பு வகுத்த நெறி. ஒப்பந்தத்தில் ஜூரி உரிமையை விட்டுக்கொடுக்கும் பிரிவு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது படியில்தான் பலர் உரிமையை இழக்கிறார்கள். கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 38-இன்படி, ஜூரியைக் கோரும் பிரச்சினை தொடர்பான கடைசி வழக்குரை (ஒரு தரப்பு தன் வாதத்தை எழுதித் தரும் ஆவணம்) சார்பு செய்யப்பட்ட, அதாவது எதிர்த்தரப்புக்கு முறைப்படி வழங்கப்பட்ட, 14 நாட்களுக்குள் எழுத்துமூலமான கோரிக்கையை எதிர்த்தரப்பினருக்குச் சார்பு செய்து, நீதிமன்றத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். பிரதிவாதியின் பதிலுரை மார்ச் 3 அன்று சார்பு செய்யப்பட்டு, அதுவே கடைசி வழக்குரையாக இருந்தால், மறுநாளிலிருந்து எண்ணி மார்ச் 17-க்குள் இது முடிந்திருக்க வேண்டும். வாதியாக இருப்பவர் வழக்குரையின் முதல் பக்கத்தில், தலைப்பின் கீழேயே, “ஜூரி விசாரணை கோரப்படுகிறது” என்று எழுதிவிடுவதே மிகப் பாதுகாப்பான வழி என்பேன். வழக்குடன் தரும் முகப்புப் படிவத்தில் ஜூரிக்கான கட்டத்தை டிக் செய்ததை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

கெடு தவறினால் உரிமையைக் கைவிட்டதாகவே கருதப்படும். அப்போதும் ஜூரி விசாரணை கேட்டு விதி 39-இன் கீழ் மனுச் செய்யலாம். ஆனால் அனுமதிப்பது நீதிபதியின் விருப்புரிமை. எதிர்த்தரப்பு முன்பே முறையாகக் கோரியிருந்தால், உங்கள் சம்மதமின்றி அதைத் திரும்பப் பெற முடியாது.

கோரிக்கை நிலைத்தால் 6 முதல் 12 பேர் வரை கொண்ட ஜூரி அமரும். தேர்வின்போது ஒவ்வொரு தரப்பும் காரணம் கூறாமலே 3 பேரை விலக்கலாம். தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை தீர்ப்பு ஒருமனதாக இருக்க வேண்டும்.