பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறீர்களா? வினைச்சொல்லைப் பாருங்கள்

சமூக மன்ற மலருக்கோ பள்ளி இதழுக்கோ ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்து எழுதியிருக்கிறீர்களா? சரி, உடனே அனுப்பிவிடாதீர்கள். அவர் என்ன செய்தார் என்று சொல்லும் வினைச்சொற்களை மட்டும் முதலில் அடிக்கோடிடுங்கள்.

காரணம் நம் சிங்கப்பூரின் தேசிய மலரிலேயே இருக்கிறது. ஆக்னஸ் ஜோக்கிம் இரண்டு ஆர்க்கிட் வகைகளைக் கலந்து புது மலரை உருவாக்கினார் என்று தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி 1893-இலேயே எழுதிவிட்டார். அப்புறம் கதை மாறிப்போனது. தோட்டத்தில் மூங்கில் புதருக்கு நடுவே அந்தப் பூவை அவர் தற்செயலாகக் 'கண்டெடுத்தார்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள், 1981-இல் தேசிய மலராக அறிவித்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை, 2016-இல்தான் உருவாக்கியவர் அவரே என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். 'கண்டெடுத்தார்' என்ற ஒரு சொல் அவருடைய உழைப்பையே அழித்துவிட்டது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்து, முதல் வரி. செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தும் உந்துமுறையை உருவாக்கிய இவோன் பிரில் 2013-இல் இறந்தபோது, நியூயார்க் டைம்ஸ் அஞ்சலிக் கட்டுரை அவருடைய மாட்டிறைச்சிச் சமையலில் தொடங்கியது! கண்டனம் கிளம்பிய பிறகே மாற்றினார்கள். அதே ஆண்டு கிறிஸ்டி ஆஷ்வாண்டன் என்ற எழுத்தாளர் ஒரு சோதனை வகுத்தார்: கணவரின் வேலை, பிள்ளை வளர்ப்பு, 'முதல் பெண்' போன்றவை இல்லாமல் கட்டுரை நிற்கிறதா?

'முதல் பெண்' என்பதை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குளோரியா லிம் 1973-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் முதல் பெண் தலைவரானார், அது வரலாறு. ஆனால் அவர் பூஞ்சைகளை ஆராய்ந்தவர் என்பதும் அதே பத்தியில் வரட்டும்.

பேட்டியில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். டெங்கி ஒழிப்புக்காக, முட்டை பொரியாமல் செய்யும் ஆண் கொசுக்களை வளர்த்து வெளியே விடும் ஒருவர், கூட்டுப்புழுவின் அளவை வைத்து ஆண் கொசுவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று என்னிடம் நாற்பது நிமிடம் கண் மின்னச் சொன்னார். என் வரைவில் அதற்கு மூன்றே வரி, வீட்டையும் வேலையையும் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதற்கோ இரண்டு பத்தி. முழுவதையும் அழித்துவிட்டு கூட்டுப்புழுவிலிருந்து மறுபடி எழுதினேன்.

படத்துக்கு வண்ணத் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயைக் கையில் கொடுக்காதீர்கள், அவர் நிஜமாக வேலை செய்யும் மேசையருகே எடுங்கள். தலைப்பில் 'சிங்கப்பெண்' என்று போடத்தான் கை போகும். அந்த இடத்தில் 'டெங்கிக் கொசுவைப் பிரிப்பவர்' என்று போடுங்கள்.