மனை வாங்கப் போகிறீர்களா? ஆவணங்களை இந்த வரிசையில் படியுங்கள்

"டைட்டில் கிளியர் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பார் புரோக்கர். கண்ணை மூட வேண்டாம். அவர் நீட்டும் ஜெராக்ஸ் கட்டில் உள்ள பெயர்களை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் ஒரு காலி மனை வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் தாய்ப்பத்திரம்

இன்று விற்பவருக்கு இந்த இடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் பழைய பத்திரம் இது. கிரயமாக வாங்கியிருக்கலாம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் எழுதிக்கொடுப்பது), உயில் வழியாகவும் வந்திருக்கலாம். ஒரு தாளில் யார் யாருக்குக் கொடுத்தார், அவர் அடுத்து யாருக்குக் கொடுத்தார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசிப் பெயர் உங்களிடம் விற்க வந்தவருடையதாக இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள ஒரு மகள் கையெழுத்துப் போடாமல் விட்டுப்போனதுதான் பல வழக்குகளின் தொடக்கம்.

அடுத்து வில்லங்கச் சான்று

எல்லோரும் ஈசி என்பார்கள். அந்த இடத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம், ஒப்பந்தம் எல்லாம் தேதிவாரியாக இதில் வரும். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். நீங்கள் கேட்ட காலத்துக்கு மட்டும்தான் ஈசி பதில் சொல்லும்; 13 வருடத்துக்குப் போட்டால் 14-ஆம் வருட அடமானம் தெரியாது. 30 வருடத்துக்காவது போடுங்கள். பதிவு செய்யாத உயிலும் இதில் வராது. அதனால் "ஈசியில் வில்லங்கம் இல்லை" என்பதும் "வில்லங்கமே இல்லை" என்பதும் ஒன்றல்ல.

பட்டா

பத்திரம் பதிவுத்துறையுடையது, பட்டா வருவாய்த்துறையுடையது. இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் உஷார்: பலர் பெயர் இருக்கும், யாருக்கு எந்தப் பக்கம் என்று இருக்காது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பரப்பளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். முதன்முதலில் "0 - 2.50" என்று பார்த்தபோது இரண்டரை சென்ட் என்றே நினைத்து நானும் ஏமாந்தேன். அது 2.5 ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஆக 250 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,691 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். கிரவுண்ட் என்று பேசினால் அது 2,400 சதுர அடி. புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து, அதில் உள்ள அளவுகளை நேரில் டேப் பிடித்துச் சரிபாருங்கள். பாதை எங்கே போகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மனைப்பிரிவுக்கு (லேஅவுட்) டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

பணக் கணக்கு

வழிகாட்டி மதிப்பு என்பது அரசு தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ குறித்திருக்கும் விலை. அதைவிடக் குறைத்துப் பத்திரம் போட்டாலும் கட்டணம் குறையாது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். எழுத்துக்கூலி வேறு. விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆகப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது.

அட்வான்ஸ், கிரயம், அப்புறம்

அட்வான்ஸ் தரும்போது விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். கெடு தேதியும், கிரயம் நடக்காவிட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும். உரிமையாளருக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரம், அதாவது பவர் வைத்திருப்பவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கிரயப் பத்திரம் பதிவான நாளிலேயே பலர் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பட்டா மாறுதல் இன்னும் பாக்கி. உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் உங்கள் பெயர் ஏறும். அளக்கும் அன்று பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.