‘என்ன தின்னாலும் உடம்பு ஏறல’: ஒல்லியானவர்கள் செய்யும் தவறுகள்

கல்யாணப் பந்தியில் மூன்றாவது முறை சோறு வாங்கும்போதும், "தம்பி, நல்லா சாப்பிடு, காத்தடிச்சா பறந்துருவ போல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 22 வயதில் என் உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 52 கிலோ. ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 53. காலையில் குடித்த தண்ணீர்தான் அந்த ஒரு கிலோவோ என்ற சந்தேகம் இன்றும் உண்டு. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஆறு மாதத்தில் நானே செய்தவை.

முதல் தவறு ஜிம்மில் நடப்பதில்லை, சாப்பாட்டுக் கணக்கில் நடக்கிறது. நான் நிறைய சாப்பிடுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டில், டீ உட்பட வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மாலையில் பரோட்டா என்று 3,000 கலோரி. மற்ற நாட்களில் காலையில் மூன்று இட்லி, மதியம் டிபன் பாக்ஸ் சோறு, இடையில் இரண்டு டீ, இரவு மூன்று தோசை. எப்படிக் கூட்டினாலும் 1,800-ஐத் தாண்டவில்லை. வாரச் சராசரி 2,000-க்கும் கீழே. எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் உடம்பு செலவழிக்கும் அளவும் அதுதான். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

"என் உடம்பு வாகே அப்படி" என்பதும் முழுப் பொய் இல்லை. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு 4 கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏறியது, இன்னொருவருக்கு அரைக் கிலோகூட ஏறவில்லை. ஏறாதவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் அசைந்தார்கள்: எழுந்து நடப்பது, நெளிவது, காலாட்டுவது. (உட்கார்ந்து காலாட்டாதே என்று பாட்டி திட்டியது வேறு காரணத்துக்கு என்றாலும், இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம்.) அப்படிப்பட்ட வாகு உள்ளவர்கள் அடுத்தவரைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். வழக்கத்தைவிடத் தினமும் 300 முதல் 500 கலோரி கூட்டினால் தொடக்கத்துக்குப் போதும்.

அந்தக் கூடுதல் கலோரிக்காகச் சோற்றைக் குவிப்பது அடுத்த தவறு. வயிறு இரண்டே நாளில் மறுத்துவிடும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியில் நல்ல விவரம் இருக்கிறது. எள்ளில் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல், கொள்ளில் ஏறத்தாழ 320. இட்லிப் பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் 120 கலோரி வந்துவிடும், வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. 50 கிராம் வறுத்த வேர்க்கடலையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் 400-ஐத் தொட்டுவிடலாம். அப்புறம், சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் டீ குடித்துவிட்டு, உட்கார்ந்ததும் ஒரு செம்புத் தண்ணீரையும் காலி செய்யும் பழக்கம். பசியை நாமே கொன்றுவிட்டு, பசிக்கவில்லை என்று புலம்புகிறோம்.

கலோரி ஏறியும் புரதம் ஏறாவிட்டால் தொப்பைதான் முதலில் வரும். கை, கால் குச்சியாக இருக்க வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 52 கிலோவுக்கு ஏறத்தாழ 83 கிராம். ஒரு இட்லியில் இருப்பது 2 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், ஆனால் நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நோட்டில் எழுதிய நாட்களில் எனக்கு 45 கிராம் தேறியதே அதிகம். மூன்று முட்டை சேர்த்தால் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. சைவம் மட்டும் என்றால் சோயா உருண்டையைத் தள்ளாதீர்கள்: காய்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தாலே 15 கிராம் புரதம்.

முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிப்பது வீரம்போலத் தெரியும். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேரும், பச்சை முட்டையில் ஏறத்தாழ பாதிதான் சேரும். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி வேறு. கஷ்டப்பட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததில் பாதி வீண் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரிய டப்பாவில் வரும் மாஸ் கெயினர் என்ற எடை ஏற்றும் பவுடர்களும் ஏறக்குறைய அதே ஏமாற்றம்தான். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் முதல் இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கும். அது மாவுச்சத்து. 300 மில்லி பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த கடலை, இரண்டு பேரீச்சை, எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தால் ஏறத்தாழ 600 கலோரி, 20 கிராம் புரதம். டப்பாவின் விலையில் எத்தனை நாள் இதைக் குடிக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஜிம்முக்கு வருவோம். எங்கள் ஜிம் சுவரில் எல்லோருக்கும் ஒரே அட்டவணைதான்: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், இப்படியே ஆறு நாள். நானோ கண்ணாடி முன்னால் நின்று தினமும் ஆர்ம்ஸ் அடித்தேன். ஆறு மாதமும் அதே 10 கிலோ டம்பெல். மாஸ்டர் கேட்டதும் இல்லை, நான் மாற்றியதும் இல்லை. சுமை கூடாவிட்டால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. ஸ்குவாட் (சுமையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து சுமையைத் தூக்குவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி சுமையை மேலே தள்ளுவது), ரோயிங் (சுமையை வயிற்றை நோக்கி இழுப்பது), புல்அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) போல ஒரே அசைவில் பல தசைகளை வேலை வாங்கும் பயிற்சிகளை வாரம் மூன்று நாள் செய்தால் போதும். 40 கிலோவில் 8 முறை வருகிறதா? 12 வரும்வரை போங்கள், வந்ததும் 2.5 கிலோ ஏற்றுங்கள், அதையும் எழுதி வையுங்கள். ஜிம் வசதி இல்லாதவர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். முப்பது, நாற்பது சுலபமாக வந்துவிட்ட பிறகு முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு எடுக்கவேண்டும். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம்.

இதுவரை சொன்ன தவறுகளில் போனது காசும் காலமும்தான். "உடம்பு ஏற மாத்திரை" அப்படிப்பட்டதல்ல. என்னோடு படித்த ஒருவன் ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் இதை வாங்கிச் சாப்பிட்டான். இப்படிக் கொடுப்பதில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும்: ஒவ்வாமைக்குத் தரும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின், ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன். ஒரே மாதத்தில் அவன் கன்னம் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. எல்லோரும் "தேறிட்டான்" என்றார்கள். உப்பியது நீரும் கொழுப்பும். இந்த ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், சர்க்கரையை ஏற்றும். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். படியேறும்போது கால் நடுங்குகிறது என்று அவன் சொன்ன பிறகுதான் வீட்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

எப்போதும் ஒல்லி என்பது வேறு, இருந்த எடை காரணமில்லாமல் இறங்குவது வேறு. நன்றாகப் பசித்தும் இளைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

எடை பார்ப்பதிலும் ஒரு தவறு உண்டு. சாப்பிட்டுவிட்டு ஒரு நாள், ஓடிவிட்டு ஒரு நாள் என்று ஏறி நின்றால் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் பாருங்கள். தினசரி எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியை எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ நல்ல வேகம். இரண்டு வாரம் சராசரி நகரவில்லை என்றால் இன்னும் 200 கலோரி. எனக்கு அது இரவு படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் பாலும் ஒரு கடலை மிட்டாயும்.